இரண்டாம் முறை வருகிறவர்

குடிநோய் வார்டில் நோயாளி வந்து படுக்கையில் உட்கார்ந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்குக் குடிச்சீங்க?" என்பதுதான். எத்தனை வருஷப் பழக்கம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். கடைசிக் குடியின் நேரம் தெரிந்தால்தான் அடுத்த நான்கு ராத்திரிகள் அந்த உடம்புக்குள் என்ன நடக்கும் என்று கணக்குப் போட முடியும். 6 மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். வியர்வை, வாந்தி, படபடப்பு சேர்ந்துகொள்ளும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தாண்டி 3ஆம் நாளும் 4ஆம் நாளும் ஜன்னி வரலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். "குடிச்சப்பகூட நல்லா இருந்தாரு சிஸ்டர், நிறுத்தினதுக்கப்புறம்தான் இப்படி ஆயிட்டாரு" என்பார்கள். அவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்கள், அது உண்மைதான். பல வருஷம் மது மூளையை அமுக்கியே வைத்திருக்கிறது. அந்த அமுக்கத்துக்கு எதிராக விழித்திருக்க மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரே நாளில் மது நின்றுவிட்டால் அமுக்கம் போய்விடும், கூட்டி வைத்த வேகம் மட்டும் மிச்சம் இருக்கும். அந்த வேகம்தான் நடுக்கமாகவும் வலிப்பாகவும் வெளியே வருகிறது. ஆகவே தினமும் நிறையக் குடிக்கிற ஒருவரை வீட்டு அறையில் போட்டுப் பூட்டி "இனிமே நீ குடிக்கவே கூடாது" என்று விட்டுவிடுவது ஆபத்து. உயிரே போகும். இதை மட்டும் எழுதினாலே இந்தக் கட்டுரைக்குப் போதும் என்று தோன்றும் நாட்கள் உண்டு.

எங்களிடம் ஒரு தாள் இருக்கிறது. குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், நிலைகொள்ளாமை, தோலில் ஏதோ ஊர்வது, காதில் குரல் கேட்பது, கண்ணில் உருவம் தெரிவது, தலைவலி, இடமும் நாளும் நினைவிருக்கிறதா என்பது: மொத்தம் 10 அம்சங்கள், கூட்டினால் 67 மதிப்பெண் வரை போகும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கை படுக்கையாகப் போய், "கையை நீட்டுங்கண்ணே, விரலை விரிங்க" என்று பார்த்து எழுதுவோம். எண் ஏறினால் டாக்டர் மருந்தைக் கூட்டுவார். பெரும்பாலும் குளோர்டயஸிபாக்சைடு, ஈரல் கெட்டிருந்தால் லோரஸிபாம். பிறகு நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுவோம். மருந்து மருந்தாகவே இருக்கும். ஆனால் அந்த எண்ணைச் சரியாக எழுதுவது செவிலியரின் கையில் இருக்கிறது. நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் தூரத்தில் நின்றே வியர்வைக்கு மதிப்பெண் போட முடியாது.

ஜன்னி ராத்திரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1813இல் இந்த நிலைக்குப் பெயர் வைத்து எழுதினார். அவர் எழுதியதை நான் படித்ததில்லை, வார்டில்தான் படித்தேன். ஜன்னி வந்தவர் தன் தொழிலைச் செய்வார். நெசவாளர் என்றால் போர்வையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இல்லாத நாடாவை இடமும் வலமுமாக ஓட்டுவார், அறுந்த இழையைத் தேடி இரண்டு விரலால் முடிச்சுப் போடுவார், கால் கட்டிலின் கம்பியை மிதிக்கும். பேருந்து நடத்துநர் காற்றில் டிக்கெட் கிழித்து நீட்டுவார், சில்லறை கேட்பார். பரோட்டா மாஸ்டர் தலையணை உறையை எடுத்து வீசி வீசி விரிப்பார். கொத்தனார் சுவரோரம் ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்த்து, "கலவை எங்கடா" என்று சத்தம் போடுவார். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது, மனைவியை அடையாளம் தெரியாது; கை மட்டும் தொழிலை மறக்காது. 

பக்கத்தில் இருக்கிற அம்மாவோ மனைவியோ பேய் பிடித்துவிட்டது என்று அழுவார்கள். அவர்களை உட்காரவைத்து இது நோயின் ஒரு கட்டம், மருந்தில் அடங்கும், கொஞ்ச நாளில் தெளிந்துவிடுவார் என்று சொல்வது முதல் வேலை. இரண்டாவது, விளக்கை அணைக்காமல் வைப்பது. இருட்டில் சுவரின் கறைகூடப் பாம்பாகிவிடும். அவர் பார்ப்பதைப் "பாம்பும் இல்ல பல்லியும் இல்ல" என்று சண்டை போட்டு மறுக்கவும் கூடாது, ஆமாம் ஆமாம் என்று கூடவே ஆடவும் கூடாது. மெதுவாக, ஒரே குரலில், "இது ஆஸ்பத்திரிண்ணே. நான் சிஸ்டர். ராத்திரி ரெண்டு மணி. உங்க அம்மா இந்தா பக்கத்துலயே இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். அலுத்துக்கொண்ட குரல் ஜன்னியில் இருப்பவருக்கும் கேட்கும்.

அப்படி ஜன்னி வந்த ஒரு நெசவாளர் தெளிந்து எழுந்த காலையில், ராத்திரி முழுக்க அவர் தறி ஓட்டியதைச் சொன்னேன். நம்பவில்லை. பிறகு கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தறிக்குழியில் இறங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. முதலாளி பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருந்தார். "கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டார். குடியைப் பற்றி எத்தனையோ பேர் அவரிடம் பேசியிருப்பார்கள். தொழிலைப் பற்றி ஒருவரும் பேசி நாளாகியிருந்தது. அன்றிலிருந்து ஜன்னி வந்த ஒவ்வொருவரும் ராத்திரி என்ன வேலை செய்தார் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, தெளிந்ததும் அதிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் சட்டென்று மூடப்பட்டபோது, இந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்தது. தமிழ்நாட்டில் கடைகள் மறுபடி திறக்க மே 7 ஆனது. அந்த இடைவெளியின் முதல் வாரத்தில் மருத்துவமனைகளுக்கு வலிப்போடும் ஜன்னியோடும் வந்தவர்களில், தாங்கள் குடிநோயாளிகள் என்று அதுவரை நினைத்தே பார்க்காதவர்கள் நிறைய. வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டு, ராத்திரி மட்டும் குடிப்பவர்கள். கேரளத்தில் டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவு போட்டு, உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அந்த விவாதத்தில் பேசியவர்களில் பலர் இதை மன உறுதி சம்பந்தப்பட்டதாகப் பேசினார்கள். மன உறுதியால் வலிப்பைத் தடுக்க முடியாது.

எங்கள் ஊர்ப்பக்கம் வருஷந்தோறும் வருகிற இன்னொரு காலம் கார்த்திகை. சபரிமலைக்கு மாலை போடுபவர்கள் 1 மண்டலம் குடியைத் தொடுவதில்லை. கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்து நிறுத்துபவர்களும் உண்டு. இதைக் கேலி செய்கிற படித்தவர்களை எனக்குப் பிடிக்காது. சாமிக்கு முன்னால் கொடுத்த வாக்கு, ஊரார் முன்னால் போட்ட கறுப்பு வேட்டி, 'சாமி' என்று கூப்பிடுகிற மரியாதை: இவையெல்லாம் ஒரு மனிதரைத் தாங்குகிற பெரிய பலம். எந்த மருந்துக்கடையிலும் அது கிடைக்காது. சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, மாலை போட்ட முதல் வாரம். விரதத்தால்தான் சோர்வு என்று நினைத்து நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் பொறுத்துக்கொள்வார்கள், ஜன்னி வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மற்றது, மாலையைக் கழற்றுகிற நாள். அதனால் ஐப்பசியிலேயே வெளிநோயாளிப் பிரிவில் கேட்டுவிடுவோம்: "இந்த வருஷம் மாலை போடுறீங்களா? போடுறதுக்கு முன்னாடி இங்க வந்து மருந்து எடுத்துக்கங்க. கழட்டுன அன்னைக்கும் வீட்டுக்குப் போகாம நேரா இங்க வாங்க." அப்படி வந்தவர்களில் சிலர், கழற்றிய மாலையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

உடம்பு தேறுகிற விதம் பார்க்க அழகானது. அதைப் பார்க்கக் கிடைப்பதற்காகவே இந்த வேலையில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்வேன். முதல் அடையாளம் டீ. சேர்ந்த அன்று இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தாலும் நெஞ்சில் சிந்தும். மனைவிதான் பிடித்துக் குடிக்கவைப்பார். 4, 5 நாளில் ஒரு கையால் தூக்குவார். அப்புறம் கையெழுத்து. வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பணம் எடுக்க முடியாமல் திரும்பியவர்கள் எங்களிடம் நிறைய வருவார்கள். சேர்க்கைப் படிவத்தில் போட்ட கையெழுத்தையும் வீட்டுக்குப் போகிற அன்று போடுகிற கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். எந்தப் புத்திமதியும் செய்யாத வேலையை அந்த இரண்டு கோடுகள் செய்யும்.

பசி சீக்கிரம் திரும்பும். தூக்கம் திரும்பாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குடியை விட்டவருக்கு இயல்பான தூக்கம் வர வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். "ஒரு கட்டிங் போட்டா தூங்கிரலாமே" என்கிற எண்ணம் ராத்திரி 1 மணிக்குத்தான் வரும். இப்படி ஆகும் என்று முன்பே தெரிந்தவர் அதைத் தாண்டுவார். தெரியாதவர், நமக்குச் சிகிச்சை பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

தயமின் பற்றி ஒரு வார்த்தை. வைட்டமின் பி1. புழுங்கல் அரிசியில் இருக்கிறது, பருப்பில் இருக்கிறது. ஆனால் குடிப்பவர் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடல் அதைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. அது தீர்ந்துபோனால் கண் ஓட்டம் தடுமாறும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். கார்ல் வெர்னிக்கே 1881இல் விவரித்த நோய் இது. தள்ளாட்டத்தைப் பார்த்து 'இன்னும் போதை தெளியல' என்று யாராவது படுக்கவைத்துவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது, இல்லாததை நடந்ததாகச் சொல்வார்கள். அதனால் எங்கள் வார்டில் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போயாக வேண்டும். வெறும் குளுக்கோஸ் உள்ளே போனால் மிச்சமிருக்கிற தயமினையும் அது செலவழித்துவிடும். விலை மலிவான ஊசி. வார்டுக்கு வருகிற பயிற்சி மாணவிகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இதுவரை சொன்னது சிகிச்சையின் சுலபமான பாகம்.

நடுக்கம் போய், முகம் தெளிந்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவரைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். சில வாரத்திலோ சில மாதத்திலோ அவர் மறுபடி வருகிறார். அதே நடுக்கம், அதே வாடை. முதல் தடவை கூட வந்த தம்பி இந்தத் தடவை வரவில்லை. மனைவி வாசலிலேயே நிற்கிறார். இந்த நேரத்தில் அந்த மனிதரின் கண்ணைப் பார்க்க வேண்டும். முதல் தடவை வரும்போது அதில் பயம் இருந்தது. இப்போது வெட்கம் இருக்கிறது. வெட்கம் பயத்தைவிடக் கொடியது, ஏனென்றால் அதற்கு மருந்தாக அவருக்குத் தெரிந்தது குடி ஒன்றுதான்.

நான் வேலை பழகிய ஓரிடத்தில் மறுபடி வருபவர்களுக்குக் கடைசிப் படுக்கை கொடுப்பார்கள். "வந்துட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. உழைத்தது வீணாகிவிட்டதே என்ற ஆற்றாமை அது. ஆனால் அப்படிக் கேட்கப்பட்டவர் மூன்றாம் முறை வரமாட்டார். அடுத்த முறை அவரை ரத்த வாந்தியோடு அவசர சிகிச்சைப் பிரிவில்தான் பார்ப்போம்.

சர்க்கரை நோயாளிக்கு மறுபடி சர்க்கரை ஏறினால் யாரும் துரோகம் என்று சொல்வதில்லை. மாத்திரையை மாற்றுகிறோம், என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிக்கிறோம். 2000இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மெக்லெல்லனும் அவருடைய சகாக்களும் இந்த ஒப்பீட்டையே ஆராய்ந்து எழுதினார்கள். போதை நோய்களில் சிகிச்சைக்குப் பின் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி சறுக்குகிறார்கள்; ரத்தக் கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்பும் அளவு இதற்குக் குறைந்ததில்லை. எனக்கு இந்தக் கணக்கு வாழ்க்கை முழுக்க உதவியிருக்கிறது. பாதிப் பேர் திரும்பி வருவார்கள் என்றால், இரண்டாம் வருகைக்கு இடம் வைத்துத்தான் முதல் சிகிச்சையையே திட்டமிட வேண்டும். அதனால் வீட்டுக்குப் போகிற அன்று நான் சொல்கிற கடைசி வார்த்தை, "இனிமே இங்க வரக் கூடாது" என்பதில்லை. "குடிக்காம வாங்க, அடுத்த மாசம் பாப்போம். ஒருவேளை குடிச்சுட்டாலும், குடிச்ச அன்னைக்கே வாங்க" என்பேன். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற உறவினர்கள் உண்டு. குடிக்க அனுமதி கொடுப்பதாக நினைக்கிறார்கள். முதல் நாள் வந்தால் 1 குவார்ட்டரோடு நிற்கும். வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டால் ஒரு மாதம் ஓடும்.

இரண்டாம் முறை வருகிறவரிடம் "ஏன் குடிச்சீங்க?" என்று கேட்பதில்லை. அதற்கு ஆயிரம் பதில் அவரிடம் தயாராக இருக்கும். "இத்தனை நாள் எப்படிக் குடிக்காம இருந்தீங்க?" என்று கேட்பேன். அதற்குப் பதில் தயாராக இருக்காது. யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு கொத்தனார் அப்படி யோசித்துச் சொன்னது: அந்த நாட்களில் சாயங்காலம் வேலை முடிந்ததும் சித்தாளோடு நடந்து வராமல் தனியாக சைக்கிளில் வந்திருக்கிறார். வழியில் ஒரு கடையில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டிருக்கிறார். வயிறு நிறைந்தால் ஆசை பாதியாகிவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் குளித்துவிடுவார். சனிக்கிழமைக் கூலியை மேஸ்திரியே மனைவியிடம் கொடுத்துவிடும்படி ஏற்பாடு. பிறகு சைக்கிள் பழுதாகிக் கொஞ்ச நாள் நடந்தார். அதற்குள் பெரியப்பா சாவு வந்தது. எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் குடி இல்லாமல் எதுவும் நடக்காது. குழி வெட்டுபவருக்கு, பாடை கட்டுபவருக்கு, மேளக்காரருக்கு, கூட இருப்பவர்களுக்கு எல்லாம் உண்டு. வேண்டாம் என்பவர் செத்தவரை மதிக்காதவர் ஆகிவிடுவார்.

பேசி முடித்தபோது அவரிடம் ஒரு கருத்து உருவாகியிருந்தது, என்னிடமிருந்து வந்ததல்ல: "அப்போ சைக்கிள் ரிப்பேர் ஆனப்பவே நான் இங்க வந்திருக்கணும் சிஸ்டர்." ஆமாம். கோப்பை கைக்கு வருவதற்குப் பல நாள் முன்பே சறுக்கல் ஆரம்பித்துவிடுகிறது. பசியோடு இருப்பது, கோபத்தை விழுங்குவது, தனியாக இருப்பது, அசந்துபோவது: இந்த நான்கையும் பார்த்துக்கொள்ளச் சொல்வது பழைய பாடம். ஆனால் பாடமாகச் சொன்னால் யாருக்கும் ஒட்டாது. அவரவர் இட்லியையும் சைக்கிளையும் அவரவரே கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த சாவு வீட்டுக்கு என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்தோம். பகலில் போய் மாலை போட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் கிளம்புவது. கேட்பவர்களிடம் "மஞ்சக்காமாலை மருந்து சாப்பிடுறேன்" என்று சொல்வது. பொய்தான். நான் அந்தப் பொய்க்கு ஆதரவு.

மாத்திரைகள் இருக்கின்றன. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை ஆசையைக் குறைக்கும். டைசல்ஃபிரம் வேறு வகை. டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குடல்புழு மருந்தாகுமா என்று பார்க்க அதைத் தாங்களே சாப்பிட்டு, பிறகு மது அருந்தியபோது உடம்பு படுத்திய பாட்டிலிருந்து 1948இல் குடிநோய் மருந்தாக அறிமுகமானது. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் சரியும். ஆளுக்குத் தெரிந்து, சம்மதித்து, மனைவி கையால் தினமும் வாங்கிப் போட்டுக்கொண்டால் நல்ல துணை. ஆனால் கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கிற மனைவிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். செய்தித்தாளில் 'அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்று வருகிற விளம்பரங்களையும். அவர் அது தெரியாமல் முழுக் குவார்ட்டரையும் ஊற்றிக்கொள்வார். இதயம் பலவீனமானவர் அதில் செத்தே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 2 வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். அந்தப் பெண்களைத் திட்ட எனக்கு மனம் வந்ததில்லை. வேறு வழி இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வழி தெரியாமைதான் இந்த நாட்டில் பெரிய நோய். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. மற்ற 37 பேரும் என்ன செய்கிறார்கள்? சிலர் தாங்களாகவே நிறுத்துகிறார்கள். பலர் செத்துப்போகிறார்கள். சிலரை உறவினர்கள் அடித்துத் திருத்துகிற இடங்களில் சேர்க்கிறார்கள். முதுகில் தழும்போடும் கணுக்காலில் சங்கிலிப் புண்ணோடும் வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. குடிநோயும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. அடி வாங்கியவர் குடியை விட்டதாக நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே நடுங்குகிறவராக மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் வருவது அபூர்வம். வயிற்று வலி, மயக்கம் என்று பொது மருத்துவப் பிரிவில் சேர்வார்கள், அங்கே 3ஆம் நாள் கை நடுங்கும்போதுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். குடிநோய் வார்டில் பெண்களுக்கென்று படுக்கை ஒதுக்காத இடங்களே அதிகம். இது மாறியாக வேண்டும்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அடுத்த வருஷம், 1980இல், டி.டி.கே. மருத்துவமனையை ஆரம்பித்தார். அங்கே நோயாளியோடு குடும்பத்தையும் சிகிச்சையில் உட்காரவைத்தார்கள். நாங்கள் இன்று வார்டில் செய்கிற குடும்பக் கூட்டங்களுக்கு அதெல்லாம்தான் முன்மாதிரி. மனைவிகளைத் தனியாக உட்காரவைத்துப் பேசும்போது, முதல் அரை மணி நேரம் அவர்கள் கணவரைப் பற்றித்தான் பேசுவார்கள். "நீங்க எப்படிம்மா இருக்கீங்க? ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டதும் சத்தம் நின்றுவிடும். பலருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கும், பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கும் ஒரு சீட்டுப் போடச் சொல்லி டாக்டரிடம் அனுப்புவேன்.

அவர் குடியை நிறுத்தியதும் வீட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பேருமே நம்பியிருப்பார்கள். ஆகாது. பிள்ளைகள் அப்பா வரும் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை விரிப்பார்கள், அது பழக்கமாகிவிட்டது. அவர் அதைப் பார்த்து நொந்துபோவார். இத்தனை வருஷம் வீட்டை நடத்திய மனைவி இப்போது எல்லாவற்றையும் அவரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பார். அரை மணி தாமதமாக வந்தால் மனைவி பக்கத்தில் வந்து மூச்சை முகர்ந்து பார்ப்பார். "குடிக்கலைன்னா நம்ப மாட்டேங்குறாளே சிஸ்டர், பேசாம குடிச்சே தொலைச்சிரலாம்" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். 10 வருஷம் ஏமாந்தவர் ஏன் 3 மாதத்தில் நம்ப வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். கோபம் வரும். அப்புறம் புரியும்.

இங்கேதான் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் கைகொடுக்கின்றன. அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குத்தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், 1935இல் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதிலிருந்து ஆரம்பித்தது. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. ஏதாவது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையிலோ மாதா கோயில் அறையிலோ சாயங்காலம் கூடுவார்கள். சாயங்காலம் என்பதுதான் அதன் பெரிய புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றும். வெறுமையாக இருக்கிற அந்த 2 மணி நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. அங்கே குடியை நிறுத்திய நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாடுவார்கள். ஐம்பது வயதுக்காரர் தன் முதல் பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவார். மறுபடி குடித்துவிட்டு வந்தவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். கிராமத்தில் இருப்பவருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடித்துப் போய் வருவது முடியாத காரியம். அவர்களுக்காக, பழைய நோயாளிகளில் தெளிவாக இருக்கிறவர்களின் ஃபோன் நம்பரை, அவர்கள் சம்மதத்தோடு, சீட்டின் பின்னால் எழுதிக்கொடுக்கிறோம். அரசின் 14416 மனநல உதவி எண்ணையும் எழுதுகிறோம். ஆசை வருகிற நேரத்தில் ஏதாவதொரு எண்ணுக்கு அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசை கிளம்பி உச்சத்துக்குப் போய்த் தணிய அரை மணி நேரம் போதும். யாரோ ஒருவர் அரை மணி நேரம் பேசினால் போதும்.

அந்தக் கொத்தனார் மூன்றாம் முறையும் வந்தார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் மாத்திரை வாங்க மட்டும்தான். போன முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏ.டி.எம். அட்டை இன்னும் மனைவி கையில்தான் இருக்கிறது. மகள் கல்யாணம் பேசுகிறார்கள், சம்பந்தி வீட்டார் முன்னால் 500 ரூபாய்க்கு மனைவியிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது என்று அவருக்கு வருத்தம். மனைவிக்கோ கல்யாணப் பந்தலை நினைத்துத்தான் பயம். 

"நான் என்ன சிஸ்டர் பண்ணட்டும்? குடுத்தா பயம். குடுக்கலைன்னா அவரு முகத்தைப் பாக்க முடியல" என்றார் அந்த அம்மா.

முடிவை நான் சொல்வதில்லை. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு, மற்ற சீட்டுகளைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பேசி முடித்திருந்தார்கள். அட்டை மனைவியிடமே இருக்கும். வாரா வாரம் 1,000 ரூபாய் அவர் கையில். கணக்குக் கேட்கக் கூடாது. கல்யாணத்தன்று ஏ.ஏ. நண்பர்கள் இரண்டு பேர் மொய் எழுதுகிற இடத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். டைசல்ஃபிரத்தை அந்த மாதம் ஒரு நாள்கூட விடக் கூடாது என்பது அவராகவே சேர்த்த நிபந்தனை. 

"இந்த 1,000 ரூபாய்க்கு என்ன வாங்குவீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல சைக்கிளுக்கு ரெண்டு டயர்" என்றார்.